எட்டு மணி நேரத்தை யார் எழுதுறது? லாரி டிரைவரும் நேரம் எண்ணும் மெஷினும்

ஐ.டி.யில வேலை பாக்குற எல்லாருக்கும் டைம்ஷீட் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞாபகப்படுத்தி மெயில் வரும். அஞ்சு நாளுக்கும் எட்டு, எட்டு, எட்டுன்னு போட்டு சப்மிட் பண்ணுவோம். ப்ரொடக்ஷன்ல ஏதோ உடைஞ்சு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்த நாளும் எட்டுதான். நாம எவ்வளவு நேரம் வேலை பாத்தோம்னு அந்த எட்டு சொல்லாது. கஸ்டமருக்கு எவ்வளவு பில் போடலாம்னு மட்டும்தான் சொல்லும்.

இதே எட்டு, காகிதத்துல மட்டும் இருக்கிற இன்னொரு தொழில் லாரி ஓட்டுறது. அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார்னு வண்டிக்குள்ள இருக்கிற ஒரு கருவியே பதிவு பண்ணுது. அது கட்டாயம். இந்தியாவுல அப்படி ஒரு கட்டாயம் இன்னும் வரல. ஆனா வரணும்ங்கிற பேச்சு அடிக்கடி வருது. வந்தா அது டிரைவருக்கு நல்லதா, கெட்டதா? இதுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு எண்பது வருஷம் பின்னாடி போகணும்.

1939-ல ஜெனீவாவுல சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 67-ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேத்துச்சு. சாலைப் போக்குவரத்துல வேலை நேரமும் ஓய்வும் பத்தினது. அதுல ஒரு முக்கியமான விஷயம்: ஒவ்வொரு டிரைவர் கையிலயும் தனக்கே தனக்குன்னு ஒரு நோட்டு இருக்கணும். எப்ப ஆரம்பிச்சோம், எப்ப நிறுத்தினோம், எப்ப ஓய்வுன்னு அதுல எழுதணும். ரொம்ப சில நாடுகள்தான் அந்த உடன்படிக்கையை முறைப்படி ஏத்துக்கிட்டாங்க. இந்தியா அந்தப் பட்டியல்ல இல்ல. ஆனா அதோட சாயல் நம்ம ஊருக்கும் வந்துச்சு. 1961-ல நாடாளுமன்றம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டு வந்துச்சு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொலைதூர வழித்தடம், திருவிழா மாதிரி சமயத்துல அனுமதியோட 10 மணி நேரம், வாரத்துக்கு 54 வரை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல கூடாது. நடுவுல குறைஞ்சது அரை மணி ஓய்வு. மாநிலங்கள் போட்ட விதிகள்ல அந்தத் தனி நோட்டும் பல இடத்துல இருக்கு.

அதே சட்டத்துல ‘வேலை நேரம்’னா என்னன்னு ஒரு வரையறை இருக்கு. வண்டி ஓடுற நேரம் வேலை. அது சம்பந்தப்பட்ட துணை வேலைகள் வேலை. அப்புறம், ஆரம்ப முடிவு இடங்கள்ல சும்மா காத்துக் கிடக்கிற நேரம். ஆனா அது 15 நிமிஷத்துக்குக் குறைவா இருந்தாத்தான் கணக்கு! பஸ் டிப்போவை மனசுல வச்சு எழுதினா இதுக்கு ஒரு நியாயம் இருக்கு. லாரிக்கு இதைப் பொருத்திப் பாருங்க. லோடு இறக்க ஆறு மணி நேரம் வரிசையில நின்னா? இதை ஓரமா வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இந்தச் சட்டம் அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலைக்கு வச்சிருந்த நிறுவனங்களுக்குத்தான். நம்ம ஊர்ல லாரித் தொழில்ங்கிறது பெரும்பாலும் ஒரு வண்டி, ரெண்டு வண்டி வச்சிருக்கிறவங்க கையில இருக்கு. அந்த ஓட்டையை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தோட 91-வது பிரிவு அடைக்குது: போக்குவரத்து வண்டி ஓட்டுற யாரா இருந்தாலும் 1961 சட்டத்துல சொன்ன நேரம்தான். ஆக, சட்டம் இருக்கு. நோட்டும் இருக்கு. அந்த நோட்டை ஹைவேயில நிறுத்திக் கேக்குற ஆள்தான் இல்ல. ஆர்.சி. கேப்பாங்க, இன்ஷூரன்ஸ் கேப்பாங்க, ஓவர்லோடான்னு பாப்பாங்க. ‘நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின?’ன்னு கேட்டதா எந்த டிரைவரும் என்கிட்ட சொன்னதில்ல.

இதே நோட்டுப் பிரச்சினை ஐரோப்பாவுலயும் இருந்துச்சு. டிரைவர் எழுதுற நோட்டுல டிரைவரும் முதலாளியும் சேர்ந்து என்ன வேணா எழுதலாம். அதனால அங்க மெஷினுக்குப் போனாங்க. பேரு டேகோகிராஃப். ஆரம்பத்துல இது கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. மெழுகு பூசின ஒரு வட்டக் காகிதம், 24 மணி நேரத்துல ஒரு சுத்து சுத்தும். ஒரு ஊசி அதுல கீறிக்கிட்டே இருக்கும். வேகம், தூரம், ஓடின நேரம், நின்ன நேரம் எல்லாம் அந்தக் கீறல்ல. ஒரு ஹார்ட்வேர் லாக் ஃபைல்னு வச்சுக்கோங்களேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் அது.

1970-ல ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இதைக் கட்டாயமாக்குச்சு. 1973-ல உள்ள வந்த பிரிட்டன் முடியாதுன்னுடுச்சு. அங்க போக்குவரத்துத் தொழிற்சங்கமே எதிர்த்து நின்னுச்சு. ‘கேபினுக்குள்ள உளவாளி’ன்னு பேரு வச்சாங்க. அரசாங்கமும் விருப்பப்பட்டவங்க மாட்டிக்கலாம்னு நழுவப் பாத்துச்சு. கடைசியில ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போய், 1979 பிப்ரவரியில பிரிட்டன் தோத்துச்சு. 1981 முடியுறதுக்குள்ள கட்டாயமாச்சு. 2006-ல இருந்து புது வண்டிகள்ல வட்டக் காகிதம் போய் டிஜிட்டல் கருவி, டிரைவருக்கு ஒரு கார்டு.

ஆனா 2006-ல அவங்க போட்ட விதிமுறையில மெஷினை விட முக்கியமா ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, தூரத்தையோ சரக்கோட அளவையோ வச்சுப் பணம் குடுத்து, அது டிரைவரை விதி மீறத் தூண்டும்னா, அப்படிப் பணம் குடுக்கவே கூடாது. போனஸா கூட. ரெண்டு, டிரைவர் நேரம் மீறினா நிறுவனமும் பொறுப்பு. அதாவது மெஷினை மட்டும் கொண்டு வரல, சம்பளம் குடுக்குற முறையிலயும் கை வச்சாங்க. எல்லாம் பிரமாதமா நடக்குதுன்னு சொல்ல வரல. சென்சார்ல காந்தம் வச்சு ஏமாத்துறது அங்கயும் உண்டு. ஆனா எதுல கை வைக்கணும்ங்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அமெரிக்கா வேற வழியில போச்சு. அங்க 1930களோட கடைசியில இருந்தே வேலை நேர விதியும் லாக் புக்கும் உண்டு. அதை டிரைவர்களே ‘காமிக் புக்’னு கிண்டல் பண்ணுவாங்க, அவ்வளவு கற்பனை. ஆனா 1938-ல வந்த கூலிச் சட்டத்துல மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுற டிரைவர்களுக்கு ஓவர்டைம் உரிமை இல்லன்னு ஒரு விலக்கு இருக்கு. சம்பளம் பெரும்பாலும் மைல் கணக்கு. வண்டி ஓடினா காசு, நின்னா இல்ல. இந்த நிலைமையில எலக்ட்ரானிக் கருவியைக் கொண்டு வரப் பாத்தாங்க. சொந்த வண்டி ஓட்டுறவங்களோட சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. இந்தக் கருவியை வச்சு முதலாளி டிரைவரைத் தொந்தரவு பண்ண மாட்டார்ங்கிறதுக்கு என்ன பாதுகாப்புன்னு கேட்டாங்க. 2011-ல கோர்ட் அதை ஏத்துக்கிட்டு விதியை ரத்து பண்ணுச்சு. அடுத்த வருஷமே அவங்க நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டுச்சு. 2017 டிசம்பர் 18-ல இருந்து அந்தக் கருவி கட்டாயம்.

ரிசல்ட்? ஸ்காட், பால்த்ராப், மில்லர்னு மூணு ஆய்வாளர்கள் அமெரிக்க அரசோட பரிசோதனைத் தரவுகளை வச்சுப் பாத்தாங்க. நேர விதி மீறல் நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா இந்த மாற்றம் அதிகமா பாதிச்ச சின்ன நிறுவனங்கள்ல விபத்து குறையல. வேகமா ஓட்டுற மாதிரி ஆபத்தான பழக்கங்கள் கூடியிருக்கு. ஏன்னு யோசிச்சா சிம்பிள். அங்க நாள் ஆரம்பிச்சதுல இருந்து 14 மணி நேரம் ஒரு கடிகாரம் ஓடும். அதுக்குள்ள 11 மணி நேரம்தான் ஓட்டலாம். குடோன் வாசல்ல நாலு மணி நேரம் காக்க வச்சாலும் அந்த 14 நிக்காது. போன நேரத்தை எங்க பிடிக்கிறது? ஆக்சிலரேட்டர்லதான்.

சரி, இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சங்கரன்கோவில்னா நம்ம ஆளுங்களுக்கு ஆடித்தபசும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். ஆனா அது ஒரு விசைத்தறி ஊர், பூ மார்க்கெட் ஊர். பக்கத்துல புளியங்குடி எலுமிச்சை. இந்தப் பக்கம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் வழியா மதுரை, சென்னை. அந்தப் பக்கம் தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு, கேரளா. துணி பொறுமையா போகலாம். எலுமிச்சையும் பூவும் பொறுமையா போக முடியாது. சரக்கோட அவசரம் எல்லாம் டிரைவரோட கண்ணுல வந்து உக்காரும்.

ராஜபாளையம் ரோட்ல ஒரு டீக்கடையில டிரைவர்கள் சில பேரோட ஒரு சாயங்காலம் பேசிக்கிட்டிருந்தேன். பேர் வேண்டாம்னுட்டாங்க, அதனால இங்கயும் இல்ல. வண்டியில மெஷின் வச்சு, எட்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டினா பதிவாகும்னு சட்டம் வந்தா என்ன அண்ணாச்சி சொல்வீங்கன்னு கேட்டேன். எல்லாரும் ஒரே குரல்ல எதிர்ப்பாங்கன்னு நெனச்சுத்தான் போனேன்.

வயசுல மூத்தவர் ஒருத்தர், முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டியரிங் பிடிச்சவர், “வரட்டும் தம்பி. நல்லதுதான். ஏன் இன்னும் போய்ச் சேரலைன்னு ஓனர் கேக்காரு. தூக்கம் வருதுன்னு சொன்னா ஏசுவாரு. மெஷின் விடலைன்னா யார ஏசுவாரு?”ன்னார்.

சொந்த வண்டிக்காரர் ஒருத்தர் உடனே மறிச்சார். “உங்களுக்கென்ன அண்ணாச்சி, சம்பளத்துக்கு ஓட்டுதீங்க. எனக்கு மாசம் பொறந்தா டியூ. மணி பாத்து வண்டிய நிறுத்துனா அந்த மெஷினா வந்து டியூ கட்டும்? வாடகைய ஏத்திக் குடுக்கச் சொல்லுங்க, நான் ஏழு மணி நேரம்தான் ஓட்டுவேன்.”

மூணாவது ஆள் சின்னப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். அவர் சொன்னதுதான் இந்த எபிசோடுக்கே காரணம். “மெஷின் ஏற்கனவே இருக்குல்லா அண்ணே. ஜிபிஎஸ் மாட்டியிருக்காங்க. வண்டி பத்து நிமிஷம் நின்னா போன் வருது, எதுக்கு நிக்கன்னு. பதினாறு மணி நேரம் நிக்காம ஓடுனா ஒரு போனும் வராது.”

கண்காணிப்பு வேணுமா வேண்டாமான்னு நாம பேசிக்கிட்டு இருக்கோம். அது வந்து பல வருஷம் ஆச்சு. எதை எண்ணணும்ங்கிறதை டிரைவரைக் கேக்காம முடிவு பண்ணிட்டாங்க, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாப்போம். 2018 ஏப்ரல்ல இ-வே பில் வந்துச்சு. சரக்கு எங்க இருந்து எங்க போகுது, எத்தனை நாளைக்குள்ள போகணும்னு ஒரு மின்னணுச் சீட்டு. முதல்ல 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு செல்லுபடி. 2021 ஜனவரியில இருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அதே ஜனவரியில இ-வே பில்லை ஃபாஸ்டேகோட இணைச்சாங்க. அடுத்த மாசம் டோல்கேட்ல ஃபாஸ்டேக் கட்டாயமாச்சு. இப்ப கப்பலூர் டோல்கேட்டை எந்த வண்டி எத்தனை மணிக்குத் தாண்டுச்சுன்னு நொடி சுத்தமா பதிவாகுது. அதை ஓட்டினது யாரு, அவர் எப்பலேர்ந்து முழிச்சிருக்கார்ங்கிறது எங்கயும் இல்ல.

சங்கரன்கோவில்ல இருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர். வரிச் சட்டப்படி அந்தச் சரக்குக்கு மூணு நாள் டைம். லாரி சராசரியா 45-ல போகுதுன்னு வச்சா பதிமூணு மணி நேரத்துக்கு மேல ஓட்டணும். எட்டு மணி நேரச் சட்டப்படி பாத்தா ஒரு டிரைவருக்கு ரெண்டு நாள். நடைமுறையில கிடைக்கிறது ஒரு ராத்திரி. சரக்குக்கு மூணு நாள், மனுஷனுக்கு ஒரு ராத்திரி!

முன்னாடி இதுக்கு ஒரு தீர்வு இருந்துச்சு, அதுவும் சட்டத்துலயே. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 90-வது விதி. நேஷனல் பெர்மிட் வண்டியில குறைஞ்சது ரெண்டு டிரைவர் இருக்கணும். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி கேபின் முழு அகலத்துக்கும் ஒரு பெஞ்ச் இருக்கணும், ரெண்டாவது டிரைவர் காலை நீட்டிப் படுத்துத் தூங்குறதுக்காக. சட்டப் புத்தகத்துல ‘நீட்டிப் படுத்து’ன்னு இவ்வளவு மனுஷத்தனமா ஒரு வரி வர்றது அபூர்வம். மெஷின் எதுவும் இல்லாமலே ஓய்வை வண்டியோட உடம்புக்குள்ள வச்சுக் கட்டின யோசனை அது.

2018 ஜூலையில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்த விதிகளைத் திருத்த ஒரு வரைவு வெளியிட்டுச்சு. நேஷனல் பெர்மிட் வண்டிகளுக்கு ஃபாஸ்டேகும் இருப்பிடம் காட்டும் கருவியும் கட்டாயம்னு அதுல இருந்துச்சு. ரெண்டு டிரைவர் இருக்கணும்ங்கிற கட்டாயத்தை எடுத்துடலாம்னும் அதுலயே இருந்துச்சு. ஒரே வரைவுல ஒரு கருவி உள்ள வருது, ஒரு மனுஷன் வெளிய போறார். இதுக்குப் பின்னாடி சதி எதுவும் இருக்குன்னு நான் நம்பல. டிரைவர் கிடைக்கல, செலவு கட்டுப்படியாகல, கிளீனர் வேலைக்கே ஆள் வர்றதில்ல. காரணங்கள் நிஜம்தான். ஆனா காலியான அந்த பெஞ்சுக்கு பதிலா என்ன வச்சாங்கன்னு கேட்டா, பதில் இல்ல.

2020-ல சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 10 நகரங்கள்ல 1,200 டிரைவர்களுக்கு மேல பேசி ஒரு அறிக்கை போட்டாங்க. சராசரியா ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓட்டுறாங்க. கிட்டத்தட்ட பாதிப் பேர், அசதியா இருந்தாலும் தூக்கம் வந்தாலும் ஓட்டுறோம்னு சொல்லியிருக்காங்க. 2021 செப்டம்பர்ல அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளுக்கு இருக்கிற மாதிரி லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்கணும், வண்டியில தூக்கத்தைக் கண்டுபிடிக்கிற சென்சார் வரணும்னு சொன்னார். விமானி உதாரணம் கேக்க நல்லாத்தான் இருக்கு. விமானிக்கு மணிக்கணக்கு முடிஞ்சா ஹோட்டல் ரூம் இருக்கு. நம்ம டிரைவருக்கு மணி முடிஞ்சா வண்டியை எங்க நிறுத்துறது? ரோட்டோரம் போட்டுத் தூங்கினா காலையில டீசல் இருக்காது, தார்ப்பாய் இருக்காது. அந்த டீக்கடையில மூணு பேரும் சண்டை போடாம ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் இதுதான்.

இப்ப ஓரமா வைக்கச் சொன்ன அந்த 15 நிமிஷத்துக்கு வருவோம். இங்கதான் என் தொழில் புத்தி வேலை செய்யுது. நாளைக்கு இந்தியாவுல இந்தக் கருவி வருதுன்னு வைங்க. அந்த ஸ்கீமாவை எழுதப் போறது நம்மள மாதிரி ஒருத்தர். ஐரோப்பியக் கருவியில நாலு நிலை இருக்கு. ஸ்டியரிங் படம்னா ஓட்டுறது. சுத்தியல் படம்னா வேற வேலை. குறுக்குக் கோடு போட்ட பெட்டின்னா கூப்பிட்டா வரத் தயாரா காத்திருக்கிறது. கட்டில் படம்னா ஓய்வு. நம்ம ஊர் ஜிபிஎஸ்ல ரெண்டே நிலைதான்: ஓடுது, நிக்குது. அந்த ரெண்டை மட்டும் வச்சு எட்டு மணி நேரத்தை எண்ண ஆரம்பிச்சா, புளியரையில கேரளா போற வரிசையில நகராம நிக்கிறதும் ஓய்வு, மார்க்கெட்ல லோடு இறங்குற வரைக்கும் தார்ப்பாயை மடிச்சுக்கிட்டு நிக்கிறதும் ஓய்வு. ஆறு மணி நேரம் ‘ஓய்வு’ எடுத்தவர் அடுத்த எட்டு மணி நேரம் ஓட்டத் தகுதியானவர்னு திரையில பச்சையா காட்டும். டேபிள்ல ஒரு காலம் இல்லன்னா, அந்த வேலை நடக்கவே இல்லன்னு அர்த்தம்.

இந்த 15 நிமிஷ வரையறையை அந்த மூத்தவர்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சார். “பதினஞ்சு நிமிஷத்துல எந்த ஊர்ல தம்பி லோடு இறக்குதான்?”

என்னோட கருத்து கேட்டா, கருவி வரட்டும்ங்கிற பக்கம்தான் நான். நோட்டு அறுபது வருஷத்துக்கு மேல இருந்து ஒண்ணும் நடக்கல. ஆனா வரிசை முக்கியம். முதல்ல படியும் ட்ரிப் கணக்கும் மாறணும், அல்லது காத்திருக்கிற நேரத்துக்கு லோடு அனுப்புறவர் காசு குடுக்கணும். நிறுத்த இடம் வேணும். பதிவு டிரைவர் கையில ஒரு காப்பியா இருக்கணும்; ஓனர் போன்ல மட்டும் இருந்தா அது இன்னொரு ஜிபிஎஸ். இதெல்லாம் இல்லாம கருவி மட்டும் வந்தா, அபராதம் போட இன்னொரு காரணம் கிடைக்கும். ஏற்கனவே 2024 ஜனவரி முதல் வாரத்துல, விபத்து பண்ணிட்டுத் தகவல் சொல்லாம போனா 10 வருஷம் வரை ஜெயில்ங்கிற புதுப் பிரிவை எதிர்த்து நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தினாங்க. அரசு அந்தப் பிரிவை அமலாக்காம தள்ளி வச்சுது. தண்டனை மட்டும் வேகமா வருது, ஓய்வு வரலைங்கிற கோபம் அதுல எனக்குத் தெரிஞ்சுது.

2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், 91-வது பிரிவோட எட்டு மணி நேர வரம்பை எப்படி அமல்படுத்தப் போறீங்கன்னு மாநிலங்களோட உக்காந்து பேசி முடிவெடுக்கச் சொல்லி மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவு போட்டிருக்கு. அதே வருஷம் நவம்பர் 21-ல நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துச்சு. 1961 சட்டம் அதுல ஒண்ணுக்குள்ள கரைஞ்சு போச்சு. அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில அதிகாரிகள் இருப்பாங்க, கருவி விக்கிற கம்பெனிகள் இருப்பாங்க, லாரி உரிமையாளர் சங்கங்கள் இருப்பாங்க. சம்பளத்துக்கு ஓட்டுறவருக்கு ஒரு நாற்காலி போடுவாங்களான்னு பாக்கணும்.

உங்க வீட்ல, சொந்தத்துல லாரி ஓட்டுறவங்க இருந்தா, கடைசி ட்ரிப்ல எத்தனை மணி நேரம் சும்மா காத்திருந்தாங்கன்னு கேட்டு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேர் சொல்ல வேண்டாம். ஊரும் மணிக்கணக்கும் போதும்.